மாரிகுப்பத்தில் நீ வைத்த கடல்

இன்று காலை தொட்டியின் கண்ணாடி விளிம்பைத் துடைத்தபோது விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டிக்கொண்டது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீ அப்படித்தான் செய்வாய். உப்பை அளக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே விரலை நக்கிப் பார்த்து, "சரியாக் கீதுடா" என்பாய். அந்த ஒரு சிட்டிகை உப்பில், உன்மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. செத்துப்போனவன்மேல் எவனாவது பொறாமைப்படுவானா என்று கேட்காதே. நான் படுகிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆண்டர்சன்பேட்டையில் மீன் என்றால் நான்தான் என்று இருந்தது. நான் பிழைப்பது எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டி. ஆனாலும் என் கடையை 'மீன்காரர் கடை' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வாசலில் கப்பி, உள்ளே ஏஞ்சல், மேஜைமேல் ஃபைட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் நீ மாரிகுப்பத்திலிருந்து வந்து, அந்த மரஸ்டூலில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாய். பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் வளர்ப்பவன், நீ பார்ப்பவன். நீ ஆசைப்பட்டு வாங்கிப்போகும் மீன் எதுவும் உன் வீட்டில் தங்காது. அடுத்த வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிற்பாய். அப்படி நீ வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிறு அந்த ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொன்னாய்.

"கடல் மீன் வளர்க்கப் போறேன்டா."

"இன்னாடா சொல்றே? குடிக்கிற தண்ணியே இங்க லாரில வருது. நீ கடல் வெக்கப் போறியா?"

"உப்பு பாக்கெட்ல வருதுடா. தண்ணில கலக்கினாப் போதுமாம். மஞ்சு சொன்னாரு."

அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். மஞ்சு உன் ரயில் சிநேகிதன். நீ மாரிகுப்பத்தில் ஏறுவாய், அவன் பங்காரப்பேட்டையில் ஏறுவான், இருவரும் பெங்களூருவுக்கு வேலைக்குப் போவீர்கள். அவன் வீட்டில் கடல்மீன் தொட்டி இருந்ததாம். ஒருமுறை செம்புக் கம்பி வாங்க நானும் உன்னோடு அந்த ரயிலில் வந்தேன். ஜன்னலோரம் உன் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாய். எனக்குத்தான் என்று நினைத்து உட்காரப் போனேன். "இருடா, அது மஞ்சுவுக்கு" என்றாய். பங்காரப்பேட்டை முதல் பெங்களூரு வரை நீங்கள் இரண்டு பேரும் கன்னடத்தில் உப்பைப் பற்றியும் கல்லைப் பற்றியும் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். எனக்கும் கன்னடம் தெரியும். தெரியாதவன்போல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தொட்டி வந்ததும் நீ முதலில் செய்த காரியம் நினைவிருக்கிறதா? சயனைட் மேட்டிலிருந்து இரண்டு வாளி மண் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாய். சுரங்கக் கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டிக் குன்றாகிப்போன மண். சின்ன வயசில் அதில்தான் சறுக்கி விளையாடினோம். நமக்கு பீச் என்றால் அதுதான். "பாருடா, கடல்மணல் மாதிரியே இன்னா நைஸா கீது" என்று கையில் அள்ளிக் காட்டினாய். நம் ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. "டேய், விஷ மண்ணுடா அது, மீனு ஒண்ணு கூட மிஞ்சாது" என்று வாளியைப் பிடுங்கி வெளியே வைத்தேன். உனக்கு நான் இன்னும் தேவைப்படுகிறேன் என்று அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம். மறுநாள் போன் செய்தாய். "நீ சொன்னது கரெக்ட்டுடா, மஞ்சுவும் அதையேதான் சொன்னாரு." நான் சொன்னபோதே நம்பியிருந்தால் மஞ்சுவிடம் ஏன் கேட்டாய்?

பிறகு அந்த எறா. மஞ்சு வாங்கித் தந்த கற்களை அடுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, மீன் விடாமல் ஒரு பச்சை எறாவைப் போட்டு அழுகவிட்டாய். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. "கொழம்புல போட வேண்டிய எறாவ இப்டி நாற வுட்டுக்கினு கீறாரு அண்ணே, நீங்களாவது சொல்லுங்க" என்று செல்வி என்னிடம் முறையிட்டாள். உன் பெண்டாட்டி என் பக்கம் நின்றதில் எனக்கு அப்படி ஒரு குஷி. நீ அசையவில்லை. சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். பச்சை நிறம் வந்தால் தண்ணீரில் விஷம் இருக்கிறது. எறா அழுகிய விஷத்தைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கல்லில் பெருகவேண்டும், அவை பெருகினால் பச்சை மஞ்சளாகும், அப்புறம்தான் மீன்.

"எங்கப்பா சொல்வாரே," என்றாய், "கீழ பிளாஸ்ட் பண்ணா, புகை அடங்கற வரைக்கும் அடுத்த ஷிப்ட்ட கேஜ்ல இறக்க மாட்டாங்கன்னு. அதேதான்டா இது. புகை அடங்கட்டும்."

என் அப்பாவும் அதே சுரங்கத்தில்தான் இருந்தார். அந்த உவமை எனக்குத் தோன்றவில்லையே என்று அதற்கும் ஒரு எரிச்சல். வாங்கிய மீனை அன்றே தொட்டியில் கொட்டிக் கொன்றவன் நீ. உனக்கு எங்கிருந்து வந்தது இத்தனை பொறுமை? வாரக்கணக்கில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் ஒவ்வொரு வாரமும் வந்து, பச்சை மாறவில்லை என்று பார்த்து நிம்மதியாகத் திரும்பினேன்.

மாறியது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. தொட்டிக்குள் விரலை விட்டாய். இரண்டும் ஓடிவந்து உன் விரலை உரசிக்கொண்டு நின்றன. என் வாழ்நாளில் எந்த மீனும் என்னிடம் அப்படி வந்ததில்லை. அந்த நேரத்தில் நீ மீனைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "பரவால்லடா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதன்பிறகு என் கடைக்கு மீன் பார்க்க வந்த பிள்ளைகள்கூட மாரிகுப்பத்துக்கு வழி கேட்டார்கள்.

நீ ரயிலிலேயே போய்விட்டாய். உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மஞ்சுவின் தோளில் சாய்ந்தாயாம். கடைசியாக உன் கையைப் பிடித்திருந்தவனும் அவன்தான். அதையும் நான் மன்னிக்கவில்லை.

காரியம் முடிந்ததும் மஞ்சு வந்தான், தொட்டியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அவனுக்குத்தான் தெரியும், அவனிடம் போவதுதான் நியாயம். "வேணாம், நான் எடுத்துக்கறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. மீனுக்காக இல்லை. உன் தொட்டி பங்காரப்பேட்டைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். கற்கள் காய்ந்தால் அதில் இருக்கும் உயிர்கள் செத்துவிடும், மறுபடி எறாவிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று மஞ்சுதான் சொல்லித்தந்தான். ஈரச் சாக்கு போர்த்தி, பழைய தண்ணீரைக் கேனில் பிடித்து, ஆட்டோவில் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். மீன் பிழைத்தது. ஆனால் நான் விரல் விட்டால் இரண்டும் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. உன் விரலுக்காகக் காத்திருந்தன போலும்.

ஒரு நாள் மஞ்சு பார்க்க வந்தான். உன் ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டிக்குள் விரலை விட்டான். அவனிடமும் வரவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

"அண்ணா, ட்ரெயின்ல தினமும் உங்க கதைதான். 'அவன் கடையில மீனு பெருகிக்கிட்டே இருக்குது, நான் வெச்சா சாகுது'ன்னு. உங்களுக்குத் தெரியாத மீனு ஏதாவது இருக்கான்னுதான் மொதல் நாளே என்கிட்ட கேட்டாரு. ஒரே ஒரு நாள் நீங்க அவர் வீட்டுல வாயைப் பொளந்து நிக்கணுமாம். கேட்டுக் கேட்டு எனக்கே உங்க மேல பொறாமை."

துரோகிடா நீ. இத்தனை வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டது மீன் பார்க்க என்று நினைத்திருந்தேன். வயிறெரிந்துகொண்டா உட்கார்ந்திருந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே.

இப்போது கேள். போன வாரம் கல்லோரத்தில் ஆரஞ்சுப் பொட்டுகளாக முட்டை இட்டிருந்தது. உன் வீட்டில் இடவே இடாத முட்டை. ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கிறது. விரலை விட்டேன். ஒளியாமல் நேராக என்னிடம் வந்தது, வந்து கடித்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். செல்வி பார்க்க வந்தாள். "அவுரு இருந்திருந்தா வவுறு எரிஞ்சி பூட்டிருப்பாரு அண்ணே" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதுவிட்டாள், நானும்தான்.

தினம் யாராவது வந்து பார்த்துவிட்டு, "சூப்பரா கீதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது போதவில்லை. புகை அடங்கட்டும் என்பாய், என்னிடம் அடங்கவில்லை. ஸ்டூல் அங்கேயேதான் கிடக்கிறது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருடா. டீயை ஆறவிட்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "பரவால்லடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.