‘எல்லாம்’ என்று எழுதி அடித்த வரி

அன்பு வாலுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே, வீடு அடங்கிய பிறகுதான் கை ஒழிந்தது. நாங்கள் மூவரும் நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டால் நான்கு பேரும் நலம் என்று எழுதிக்கொள்வேன். போன வாரம் நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. கட்டடத்துக்குச் சொந்தக்காரர்களிடம், கட்டி முடித்ததும் உங்கள் கம்பெனி கொடுக்கும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் என்ன தகவல் வேண்டும், யாருக்கு, எதற்கு, எப்போது என்று கேட்க நீ எழுதிய கேள்விகளை உன் மேலாளர் அடித்துவிட்டு, ‘எல்லாத் தகவலும்’ என்ற ஒரு வரி போதும் என்றாராம், வேலையை விடப் போகிறேன் என்றாய். அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது.

எங்கள் மருத்துவமனையின் புதுக் கட்டடத்துக்கு அதே மாதிரி படிவம், பராமரிப்பைப் பார்க்கிறவள் என்று என் மேசைக்கே வந்தது. எல்லாம்னு போட்டு அனுப்புங்கம்மா, எதுக்கு வம்பு என்றார் எங்கள் மேனேஜர். நானும் எழுதிவிட்டேன். எழுதிய கையோடு உன் அழுகை காதில் கேட்டது. பழைய கட்டடத்துக்கும் எல்லாம் என்றுதான் கேட்டோம், பீரோ நிறையத் தாள் வந்தது, ஆனால் மூன்றாம் மாடியில் குழாய் உடைந்த அன்று எந்த வால்வை மூடுவது என்று ஒரு தாளிலும் இல்லை, நோயாளிகளைக் கட்டிலோடு நகர்த்தினோம். அந்த வரியை அடித்துவிட்டு உன் கேள்விகளோடு பிளம்பரிடம் போனேன். எந்த ரூமுக்கு எந்த வால்வு, எங்க ஒளிஞ்சிருக்கு, ஏணி வேணுமா, இத சாவி குடுக்குற அன்னைக்கே குடுக்கச் சொல்லுங்க, மத்தத அவங்களே வச்சுக்கட்டும் என்றார். அவர் வால்வு வால்வு என்னும்போதெல்லாம் எனக்கு வாலு வாலு என்றே கேட்டது, சிரித்துவிட்டேன். எலக்ட்ரீஷியனையும் கேட்டேன். இரண்டு பேரும் சொன்னதைப் படிவத்தில் எழுதினேன், மொத்தம் இரண்டே பக்கம்.

நேற்றுக் கூட்டத்தில், கட்டடம் கட்டும் கம்பெனியின் இன்ஜினியர் படித்துவிட்டு, எல்லாம்னு கேட்டா நாங்க ஊகிச்சுத்தான் குடுக்கணும் மேடம், இது வேலைக்கு ஆகும், யார் எழுதுனது என்றார். கையெழுத்து என்னுது, மூளை என் பொண்ணோடது என்றேன். உன் அப்பா இதை நான்கு பேரிடம் சொல்லிவிட்டார், நாலாவது ஆளிடம் சொன்னபோது இன்ஜினியர் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்.

படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் மேலாளரிடம் காட்டு. அதற்குப் பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால் விடு, தடுக்க மாட்டேன். உன் கேள்வி தப்பு என்று நினைத்து மட்டும் விடாதே. நீ எடுத்தது எல்லாம் நல்லபடி முடியட்டும் என்று எழுத வந்தேன், ‘எல்லாம்’ கூடாதல்லவா, இந்த ஒரு காரியம் நல்லபடி முடியட்டும். ராஜினாமாக் கடிதத்தை அதுவரை அனுப்பாதே. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா