பாதாளவல்லி மூன்றாம் பாகம்

காமயகவுண்டன்பட்டி
13-11-1939, திங்கள் இரவு

என் ராக்குவுக்கு,

சந்தனம் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். சிம்னியில் எண்ணெய் ஒரு விரல்தான் இருக்கிறது. அய்யா இருமினால் விளக்கை ஊதிவிட்டு, அவர் மறுபடி குறட்டை விடும்வரை இருட்டில் உட்கார வேண்டும். எழுத்து கோணினால் திட்டாதே.

தீபாவளிக்கும் உன்னை அனுப்பவில்லை. மாமா வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறது, அத்தைக்குக் கை ஒத்தாசை வேண்டும், ஒரு மாதம்தான் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது. சுருளிப்பட்டி என்ன கடல் தாண்டியா இருக்கிறது? காற்று உன் பக்கம் அடித்தால் நம் மாரியம்மன் கோயில் கொட்டுச் சத்தம் உனக்குக் கேட்கும். ஆனால் உன்னைப் பார்க்க எனக்கு வழியில்லை. எட்டாம் வகுப்பில் இப்போது பெண்கள் நாங்கள் மூன்றே பேர். பலகையில் உன் இடத்தில் ஜக்கம்மா தன் பையை வைக்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் எடுத்துக் கீழே வைக்கிறேன்.

சார் இன்று சொன்னதைக் கேள். மார்கழி பிறப்பதற்குள் வராதவர்கள் பெயரைச் சர்க்கார் பரீட்சைக்கு எழுதி அனுப்ப மாட்டாராம். நீ இல்லாமல் நான் மட்டும் பாஸாகி, நான் மட்டும் மதுரைக்கு டீச்சர் டிரெயினிங் போவதா? இரண்டு பேரும் ஒரே பெட்டியில் துணி வைத்துக்கொண்டு போவதாகத்தானே பேச்சு.

இனி நல்ல செய்தி. அழகர் அண்ணன் மதுரையிலிருந்து பாதாளவல்லி நாவலின் இரண்டாம் பாகம் கொண்டு வந்தான்! மோர்க்கார மலையம்மாளின் கூடையடியில் வாழைச்சருகு சுற்றி வருகிறது. இந்தக் கடிதம் அவள் தலைச் சும்மாட்டுக்குள். கூலி வேண்டாம் என்கிறாள். "கெணத்துக்குள்ள வச்சுப் பூசுனாகளே, அந்தச் சிறுக்கி வெளிய வந்துட்டாளா? அத மட்டும் சொல்லு, போதும்" என்கிறாள்.

நம் வாசிப்பு ஓட்டப்பந்தயத்தின் கணக்கு: ஒரு விரல் எண்ணெய், 104 பக்கம். முந்தி நீ ஓடியது 96. முறியடித்துவிட்டேன்.

மதிப்புரையும் நம் வழக்கப்படி. முதல் பாகத்தில் பாதாளவல்லிப் பேய் வாயே திறக்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை அரண்மனைத் தரையில் ஈரக் காலடி மட்டும். நான் மூன்று நாள் தனியாகக் கொல்லைக்குப் போகவில்லை, உனக்கே தெரியும். இரண்டாம் பாகத்தில் பழிவாங்க வருகிறவள் பக்கம் பக்கமாகப் பேசுகிறாள். திவானிடம் நியாயம் கேட்கிறாள், ஒப்பாரி வைக்கிறாள், புத்தி சொல்கிறாள். பேசாத பேய்தான் பயம். பத்துக்கு ஐந்து.

அய்யா புரண்டு படுக்கிறார். நீ நன்றாக இருக்கிறாயா?

உன்
சந்தனம்

சுருளிப்பட்டி
19-11-1939

அடி சந்தனம்,

உன் 104 போயிற்று. நான் 118. ஒரே இரவில். பிள்ளைகள் இரண்டும் மாறி மாறி அழுததால் அத்தை விளக்கை அணைக்கவே இல்லை. மற்ற நாளெல்லாம் சாணி அள்ளும் சாக்கில் மாட்டுக் கொட்டத்தில் இரண்டு பக்கம், மூன்று பக்கம்தான்.

உன் மதிப்புரை சரி. ஆனால் ஐந்து அதிகம். நான் நாலு. இருந்தாலும் அந்த ஒரு வரி எனக்குப் பிடித்தது: "என் காலீரம் காய்வதற்குள் உன் குலம் காயும்." அதனால்தான் வினை வந்தது.

தொட்டிலை ஆட்டிக்கொண்டே அந்த வரியைக் கரகரத்த குரலில் சொல்லிப் பார்த்தேன். பையன் உடனே அழுகையை நிறுத்திவிட்டான். பெண் பிள்ளை சிரித்தாள். பிறகு தினமும் அதுதான் தாலாட்டு. நேற்று முன்தினம் இரவு அத்தை கண் விழித்துக் கேட்டுவிட்டாள். முடியை விரித்துப் போட்டு நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, எந்திரிங்க. அது ராக்கு கொரலே இல்லைங்க!" என்று மாமாவை எழுப்பினாள்.

காலையில் இருவரும் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. புத்தகத்தைக் காட்டிச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் மாமா சொன்னார்: "பயப்படாத தாயி. வெள்ளிக்கெழம கோடாங்கி வாராக. உள்ள இருக்கது என்ன கேக்குதோ அதக் குடுத்து அனுப்பிருவோம்."

என்ன கேட்கிறதோ அதைக் கொடுப்பார்களாம்! இந்த நான்கு மாதத்தில் ராக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டதுண்டா? பேயைக் கேட்கிறார்கள். பேயோட்டும் கோடாங்கி உடுக்கை அடித்துக் கேட்டதும், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று சொல்லிவிடப் போகிறேன். எப்படி?

உன் ராக்கு

காமயகவுண்டன்பட்டி
21-11-1939, இரவு

ராக்கு,

வேண்டாம். கோடாங்கி அடிப்பார்கள். எங்கள் தெருவில் நம் வகுப்புச் சங்கிலியின் சின்னம்மாவை வேப்பங்குழையால் அடித்ததைப் பார்த்திருக்கிறேன். மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சொன்னால், புத்தகம் யார் கொடுத்தது என்று கேட்பார்கள். மாமா கம்பம் சந்தையில் அய்யாவைப் பார்ப்பார். பெண் பிள்ளை நாவல் தொட்டால் அன்றோடு பள்ளிக்கூடம் நிறுத்தம் என்று அய்யா சொன்னது உனக்கு நினைவிருக்கும்.

இதை எழுதிவிட்டுத் தாளைக் கிழிக்கப் போனேன். பலகையில் உன் இடம் நினைவுக்கு வந்தது.

செய்வதானால் முதல் பாகம்போலச் செய். பேசாதே. என்ன கேட்டாலும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார். பேய் பள்ளிக்கூடம் கேட்காது, கேட்டால் குட்டு உடைந்துவிடும். கடைசியில் ஒரே ஒரு வரி: காமயகவுண்டன்பட்டி மாரியம்மன் வாசலில் இறங்குகிறேன். அவ்வளவுதான். இங்கே கொண்டு வந்துதான் ஆகவேண்டும். வந்த பிறகு உன் ஆத்தா உன்னை விடமாட்டாள்.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

சந்தனம்

சுருளிப்பட்டி
28-11-1939

சந்தனம்,

நடந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை வண்டி கட்டி நம் ஊருக்குக் கூட்டி வருகிறார்கள்.

நீ சொன்னபடியே இருந்தேன். "யாரு நீ? எங்கன புடிச்ச இந்தப் புள்ளைய? கோழி வேணுமா, சேல வேணுமா?" கோடாங்கி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாய் திறக்கவில்லை. நான் பேசாமல் இருக்க இருக்க அவர் உடுக்கை வேகம் கூடியது. அடி விழுந்தது. கதையில் பாதாளவல்லியை யாரும் அடிப்பதில்லை, கவனித்தாயா? வேப்பங்குழை இவ்வளவு வலிக்கும் என்று எந்தப் பாகத்திலும் இல்லை.

அதைக்கூடப் பொறுத்தேன். அத்தை என் காலில் விழுந்தாள், சந்தனம். "ஆத்தா, எம்புள்ளைகள ஒண்ணும் செஞ்சுறாத. என்னைய வேணா எடுத்துக்க" என்றாள். அவளுடைய கண்ணீர் என் கால்விரலில் பட்டது. அப்போதே சொல்லிவிட நினைத்தேன். வாயில் வந்தது நீ எழுதிய மாரியம்மன் வரிதான். "கொண்டு போறோம் தாயி" என்று மாமா கும்பிட்டார்.

அன்றிலிருந்து பிள்ளைகளை என் கையில் தருவதில்லை. பெண் பிள்ளை என்னைப் பார்த்துத் தாவுகிறாள், அத்தை முந்தானையால் அவள் முகத்தை மூடுகிறாள். நான் வெளியே வந்துவிட்டேன் என்று மலையம்மாளிடம் சொல். ஆனால் ஏன் சந்தோஷமாக இல்லை என்று கேட்டால் என்ன சொல்வாய்?

பரவாயில்லை. திங்கட்கிழமை உன் பக்கத்தில் உட்காருவேன். ஜக்கம்மாவின் பையை எடுத்து வை.

ராக்கு

காமயகவுண்டன்பட்டி
6-12-1939, இரவு

ராக்கு,

இரண்டு தெரு தள்ளி இருக்கிறாய். இருந்தும் மலையம்மாளின் சும்மாட்டில்தான் எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை நடந்ததை நீயே பார்த்தாய். கோயில் வாசலில் உன் உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உன் தலையில் அறுத்த இடத்தைப் பார்த்ததும் குனிந்து புத்தகத்தைத் திறந்தேன். சார், "சந்தனம், நகர்ந்து எடம் விடு" என்றார். ஜக்கம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்டி, தொத்திக்கிரும்" என்றாள். நான் நகரவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு தேசப்படத்துக்குக் கீழே மூலையில், தரையில் போய் உட்கார்ந்தாய்.

நேற்று ஜக்கம்மாவின் அய்யாவும் சங்கிலியின் அய்யாவும் வந்தார்கள். பேய் பிடித்த பிள்ளை இருந்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டுமாம். அதற்குள் இதற்கு ஒரு முடிவு சொல்வதாக சார் அவர்களை அனுப்பினார்.

உண்மையைச் சொல்ல எனக்கு அய்யாவிடம் பயம். உனக்குத் தெரியும். ஏதாவது எழுது.

சந்தனம்

7-12-1939

மதிப்புரை.

நூல்: சந்தனம், இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் இருந்த ஆள் இதில் இல்லை. பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் கையெழுத்துக்காக.

ராக்கம்மாள்

காமயகவுண்டன்பட்டி
14-12-1939, வியாழன் இரவு

ராக்கு,

உனக்கு மூன்று கடிதம் அனுப்பினேன். மூன்றும் பிரிக்காமல் சும்மாட்டிலேயே திரும்பி வந்தன. இது நான்காவது. இதையும் பிரிக்காவிட்டால், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொள்வாய்.

இன்று வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து அய்யா வந்து கால் கழுவியதும், நீ திருப்பி அனுப்பியதையும் சேர்த்து இரண்டு பாகத்தையும் அவர் முன்னால் வைத்தேன். "ராக்குக்குப் பேயில்லை அய்யா. இதுதான். நான்தான் குடுத்தேன். கோடாங்கிகிட்ட என்ன சொல்லணும்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்" என்றேன். அவர் எழுத்துக் கூட்டிக் கூட்டி முதல் பக்கத்தைப் படித்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேசாத பேய்தான் பயம் என்று எழுதியிருந்தேனே, பேசாத அய்யாவை அப்போது நினைக்கவில்லை.

பிறகு கேட்டார்: "இந்தக் காகிதத்துக்கா அந்தப் புள்ள முடிய அறுத்தாக?"

நான் அழுதேன்.

"நாளைக்கு நானே வந்து வாத்தியார்ட்டச் சொல்றேன். அந்தப் பயலுக ரெண்டு பேர்ட்டயும் சொல்றேன். ஆனா பரீட்சை முடிஞ்சதும் நீ கொடிக்காலுக்கு வெத்தல கிள்ள வந்துரணும். மதுரையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்றார். சரி என்றேன். அவரே இரண்டு புத்தகத்தையும் அடுப்பில் வைத்தார். அதில் பொங்கிய சோற்றைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம். ஆத்தா மட்டும் எனக்கு இன்னொரு கரண்டி வைத்தாள்.

சுருளிப்பட்டி அத்தைக்கும் ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளை உன் கையில் தர மறுபடி மனம் வருமா தெரியாது. உண்மையாவது தெரியட்டும்.

பெட்டியில் துணி வைக்கும்போது நீ ஒருத்திதான் வைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் அதிலேயே வை, இடம் நிறைய இருக்கும்.

ஒன்று மட்டும் அய்யாவிடம் சொல்லவில்லை. மூன்றாம் பாகம் வந்துவிட்டது. மலையம்மாள் வீட்டு அடுக்குப் பானையில் இருக்கிறது. அச்சாபீஸிலிருந்து வந்தபடியே தாள்கள் ஓரம் வெட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரிக்க நான் கத்தி வைக்கவில்லை. "வெளிய வந்தாளா இல்லையா?" என்று மலையம்மாள் தினமும் கேட்கிறாள். தெரியாது, ராக்குவும் நானும் சேர்ந்து படித்தால்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

நாளைக்குக் காலையில் தேசப்படத்துக்குக் கீழே வந்து உட்காருவேன். நீ நகர்ந்து இடம் விட வேண்டாம். மீதி இருக்கும் இடம் எனக்குப் போதும். நீ எழுந்து போனாலும் நான் அங்கேயேதான் இருப்பேன்.

பத்துக்கு ஒன்று வாங்கிய
சந்தனம்