என் பெயரிலேயே எடுத்துவிட்டேன்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாமல் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு வயரிங் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். "அண்ணனோட இன்சூரன்ஸ் பேப்பரக் காட்டி வேலைய வாங்கு, யாரு தோண்டிப் பார்க்கப் போறா?" என்று போன வாரம் குதித்தீர்களே, நான் காட்டவில்லை. "அது என் வீட்டுக்காரரோட அண்ணன் பேர்ல இருக்குங்க. என் வேலையால தீப்பிடிச்சா உங்க நஷ்டத்துக்கு அது உதவாது. என் பேர்ல எடுத்துட்டு வர்றேன்" என்று டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். வேலை கைநழுவிவிடும் என்றுதான் நினைத்தேன். அவர், "எடுத்துட்டு வாங்க, காத்திருக்கேன்" என்றார். நேற்று பாலிசி வந்துவிட்டது.

மதியம் உங்கள் அண்ணன் வருவார். இனி நான் அவரிடம் வயரிங் வேலை பார்க்கும் ஆள் இல்லை, சொந்தமாகத் தொழில் செய்கிறவள், பொறுப்பும் என்னுடையதுதான் என்று சொல்லிவிடுங்கள். வாய் வராவிட்டால் இந்தச் சீட்டையே நீட்டுங்கள்.

வெளியே போனால் வாசல் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

குளியலறை ஹீட்டரைத் தொடாதீர்கள். வயர் சரியில்லை, நான் வந்து பார்க்கிறேன்.

இன்னொன்று. "உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டீர்கள். நம்பிக்கை இருப்பதால்தான் என் பெயரைக் கொடுத்தேன்.

சாயங்காலம் கிளினிக் முன்னறையில் விளக்கைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் பக்கத்தில் நின்றால் எனக்குச் சந்தோஷம். வராவிட்டாலும் விளக்கு எரியும்.