மூக்குக்கண்ணாடி வாண்டுவின் கையில்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நலமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மழை விட்டு நான்கு நாள் ஆகிறது, மாடிப்படியில் ஒழுகிய இடத்தை உன் அண்ணன் ஒருவழியாகப் பூசிவிட்டான், அதுவும் பாதிதான்.

பேரன் புத்தகத்தைக் கண்டாலே ஓடி ஒளிகிறான், தப்பாகப் படித்த வார்த்தையை ஐந்து தடவை சொல்ல வைத்தும் பயனில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். ஏனென்றால் இங்கே உன் அண்ணன் மகள், நம்ம வாண்டு, அவளும் என்னிடம் வாசிப்பதில்லை. புத்தகத்தோடு கூப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்பாள். ஆனால் சாயங்காலம் உன் அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் சம்மணம் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக வாசித்துத் தள்ளுகிறாள். முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்திய தாத்தாவை விட்டுவிட்டு, தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காத அம்மாவிடம் போகிறாளே, அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு மண்டையைக் குடைந்தது. பேப்பர் படிக்கிற சாக்கில் நாற்காலியைக் கதவோரம் போட்டுக்கொண்டு நாலைந்து நாள் கவனித்தேன், வேவு பார்த்தேன் என்றே வைத்துக்கொள்.

வாண்டு தடுக்கினால் மெஷின் பாட்டுக்கு ஓடுகிறது. தப்பாகப் படித்தாலும் ஓடுகிறது. இரண்டு வரி தள்ளி அர்த்தம் இடித்ததும் அவளே திரும்பிப் போய்ச் சரியாகப் படித்துக்கொள்கிறாள், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கதையில் கரடி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த இடத்தில் மட்டும் மெஷின் நின்றது, "அய்யய்யோ, அப்புறம்?" என்று அண்ணி கேட்டாள், அப்போது அந்தக் குட்டியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இது என்ன வித்தை என்று அண்ணியிடம் விசாரித்தால், "வித்தையும் இல்ல ஒண்ணும் இல்ல மாமா, கதை நல்லாருக்கு, கேக்கறேன்" என்கிறாள்.

எனக்கும் ஒரு பக்கம் வாசியேன் என்று வாண்டுவிடம் கெஞ்சினேன். "அப்ப உங்க கண்ணாடியக் குடுங்க தாத்தா" என்றாள். கண்ணாடி இல்லையென்றால் எனக்கு எழுத்தெல்லாம் எறும்புதான், உனக்குத் தெரியும். கழற்றிக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் வாசித்தாள், எனக்கு நாலு இடத்தில் வாய் துறுதுறுத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். எதற்கடி கண்ணாடி என்று கடைசியில் கேட்டதற்கு, "நீங்க கதைய கேக்க மாட்டீங்க, தப்பத்தான் தேடுவீங்க" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அச்சகத்தில் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். வீட்டுக்கும் அதே கண்ணோடு வந்திருக்கிறேன். இரண்டாம் வகுப்பில் நீ தினமும் எனக்கு வாசித்துக் காட்டுவாய், ஒருநாள் யானைக் கதையைப் பாதியில் மூடி "நீங்களே படிச்சுக்குங்கப்பா" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். மகள் மனதுக்குள் படிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். அதன் பிறகு நீ எனக்கு ஒரு வரிகூட வாசித்ததில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாகவும் வருத்தமாகவும் இருக்கிறது அம்மா. ஐந்து தடவை சொல்ல வைக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

நீ சமைக்கும்போது பேரனைப் பக்கத்தில் உட்கார வை. நீ பாட்டுக்குக் காய் நறுக்கு, அவனாகக் கேட்டால் மட்டும் வார்த்தையைச் சொல், நல்ல இடம் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேள். நானே இப்போதுதான் பழகுகிறேன், பலித்ததா என்று எழுது.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மறுபடி படித்துப் பார்க்காமலே உறையில் போடுகிறேன், தப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே அந்த யானைக் கதையையும் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, நீ நிறுத்திய பக்கத்திலிருந்து எனக்கு வாசி. புத்தகம் உன் கையில் இருக்கும், கண்ணாடி வாண்டுவின் கையில் இருக்கும், நான் கேட்க மட்டும்தான் செய்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா