தந்தை வழியில் யாருக்காவது?

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் தம்பிக்கு மரப்பட்டறையில் வேலை அதிகம், வந்ததும் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறார். பொடிசுக்கு எட்டு மாதம். கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருக்கிறாள். போன மாதம் சளியே இல்லாமல் இரண்டு தடவை நெஞ்சு 'கீ, கீ' என்று இழுத்தது. டாக்டரம்மா ஒரு கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார். வீட்டில் புகை பிடிப்பவர் உண்டா, பால், முட்டை ஒத்துக்கொள்கிறதா, தாய் வழியில் ஆஸ்துமா உண்டா, தந்தை வழியில் யாருக்காவது உண்டா என்று. என் பக்கம் அம்மாவைக் கேட்டு எழுதிவிட்டேன். இவரோ, "அக்காவைக் கேளு, எனக்கு என்ன ஞாபகம் இருக்கு" என்று நழுவுகிறார். தாயில்லாத இவரை வளர்த்தவர் நீங்கள்தானே. அந்த ஒரு வரி மட்டும் காலி. உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி

ஜனவரி 18

அன்புத் தங்கைக்கு,

நம் குடும்பத்தில் அப்படி ஒரு வியாதியே கிடையாது. தம்பி கல்லுப் போல வளர்ந்தவன். தயங்காமல் 'இல்லை' என்று எழுது.

சொன்னால் வருத்தப்படாதே. தொட்டில் பக்கத்திலேயே தையல் மிஷினைப் போட்டு நாள் முழுக்கத் துணி வெட்டினால், குழந்தை மூச்சில் பஞ்சு போகாமல் என்ன செய்யும்? கொஞ்ச நாள் மூடி வை. பிள்ளையை விட ஊரார் துணி பெரிதா?

ஆசிகளுடன்,
அண்ணி

மே 3

அண்ணிக்கு,

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இன்றுதான் வீடு வந்தோம். பொடிசு மூச்சு இழுக்கும்போது விலா நடுவே பள்ளம் விழுந்தது, உதடு நீலம் பாரித்தது. வெறும் சளி என்று காலை முழுக்கக் காத்திருந்தவள் நான்.

நர்ஸ் அவள் முகத்தில் மருந்துப் புகை வரும் மூடியை வைத்தபோது உங்கள் தம்பி கதவோரம் நின்று அழுதார். "எனக்கும் இதே மாதிரி வெப்பாங்க. பன்னெண்டு வயசு வரைக்கும் அக்காதான் தூக்கிட்டு ஓடுவா" என்றார். பெண் பார்க்க வருமுன் அவர் வாயைக் கட்டியதும் நீங்கள்தானாம்.

டாக்டரம்மா திட்டவில்லை. "தோல் அரிப்பு, சளி இல்லாம இழுப்பு, அப்பாவுக்கு ஆஸ்துமா. மூணும் சேர்ந்தா வேற மாதிரி பார்த்திருப்பேன்மா. வராமலே தடுத்திருப்பேன்னு சொல்லல. மருந்து கையில இருந்திருக்கும், எப்ப ஓடி வரணும்னு தெரிஞ்சிருக்கும்" என்றார்.

நாலு மாதம் மிஷினை மூடி வைத்தேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். என் கையால் என் பிள்ளைக்குக் கெடுதல் செய்தேன் என்று தினமும் அழுதேன். தெரிந்துகொண்டே அழவிட்டீர்களே, உங்களுக்கு மனசு வந்ததா?

தம்பி மனைவி

மே 14

தங்கைக்கு,

திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தால் நீ அவனைக் கட்டியிருப்பாயா? நோயாளிப் பையன் என்று மூன்று இடம் தட்டிப் போயிருந்தது.

இன்னொன்று. என் மகளுக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்திருக்கிறது. அவள் பையிலும் இன்ஹேலர் உண்டு, உன்னிடம் மறைக்கவில்லை. பையனின் அம்மா உன் வீட்டுக்கும் விசாரிக்க வருவார். வாயைத் திறக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அண்ணி

மே 27

அண்ணிக்கு,

அந்த அம்மா நேற்று வந்தார். "பொண்ணுக்கு ஏதாவது உடம்புக்கு உண்டாம்மா?" என்று கேட்டார். அவர் வருமுன்பே உங்கள் மகளை ஃபோனில் கேட்டிருந்தேன். "சொல்லிடுங்க அத்தை. அங்க போய் ஒளிஞ்சு ஒளிஞ்சு மருந்து அடிக்க என்னால முடியாது" என்றாள். சொல்லிவிட்டேன். மருந்து கையில் இருந்தால் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பாள் என்பதையும் சொன்னேன். யோசிக்கிறோம் என்று எழுந்து போனார்.

கட்டியிருப்பாயா என்று கேட்டீர்கள். கட்டியிருப்பேன். பொடிசு பிறந்த அன்றே டாக்டரிடம் சொல்லியும் இருப்பேன். என்னைக் கேட்காமலே என் பதிலை நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள்.

உங்கள் மகளோடு பேசுவேன். உங்கள் தம்பி உங்களைப் பார்க்க வந்தால் தடுக்க மாட்டேன். உங்களுக்கு நான் எழுதுவது இதுவே கடைசி.

குழந்தையின் அம்மா