களவெட்டியில் நின்றவர் பெயர்

கிரான்
12.3.1967

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்விடம் நானும் பெண்சாதி நேசம்மாவும் சுகம். நீங்களும் மருமகள் புஸ்பமும் சுகமாயிருக்க மண்டூர் முருகனை வேண்டுகிறேன்.

உங்கள் வயலில் எருமை விட்டுச் சூடு மிதித்து நெல் பிரித்து முடிந்தது. நெற்பொலி நல்லது. நெல்லை முகைதீன்பாவாவின் லொறியில் அனுப்புகிறேன், ஒரு சட்டி எருமைத் தயிரும் வருகிறது. சூடு நடக்கும்போது விவசாயக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்தார். உர மானியமும் வெள்ள நிவாரணமும் இனிமேல் வயலைச் செய்பவர் பெயருக்குத்தானாம். "ஆரு இந்த வயலச் செய்யிற?" என்று கேட்டார். சூடு மிதிக்கும் களவெட்டிக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நின்றது நான், என் பெயரை எழுதிக்கொண்டு போனார். யார் பெயரில் வந்தாலும் உரம் உங்கள் வயலுக்குத்தானே.

தம்பி,
நல்லரத்தினம்

மண்டூர்
3.4.1967

அன்புள்ள தம்பிக்கு,

நெல் வந்தது. தயிர்ச்சட்டி துறையடியில் தோணிக்கு ஏற்றும்போது உடைந்து இரண்டு மூட்டை இன்னும் புளிப்பு மணக்கிறது. அடுத்தமுறை வைக்கோல் சுற்றி அனுப்பு.

பெயர் விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. விதைநெல்லும் கூலியும் நான் தருகிறேன், நீ நின்று பார்க்கிறாய். இரண்டு பேரும் செய்கிறோம் என்று சொல்லியிருக்கலாமே. அது அம்மா எனக்குத் தந்த சீதனக் காணி, நாளைக்கு என் மகள் புஸ்பத்துக்கு. மாப்பிள்ளை வீட்டார் இப்போதே கேட்கிறார்கள். வயல் செய்பவர் என்று பதிந்தவரைப் பிறகு காணியைவிட்டு எழுப்ப முடியாதாம். அது என் தம்பிதான் என்று சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள். உன் பெயரை வெட்ட வேண்டாம். கந்தோருக்குப் போய் என் பெயரையும் சேர்த்துவிடு, அது போதும்.

உன் அக்கா,
இலட்சுமிப்பிள்ளை

கிரான்
20.11.1967

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதப் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். விதைத்துவிட்டோம், மழையும் பரவாயில்லை. மானிய உரம் வந்தது. பாதியை நேசம்மாவின் காணிக்குப் போட்டேன், உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

கந்தோருக்கு நான் போகவில்லை. யானைக்குக் காவலாகப் பத்து வருடம் அந்த வாடிக் குடிலில் கிடந்தவன் நான். அம்மாவின் காணி உங்களுக்கு, மாமியின் காணி நேசம்மாவுக்கு. ஆணாய்ப் பிறந்த எனக்கு ஒரு வரம்புகூட இல்லை. வெள்ளாமைக்காரன் என்று என்னை முதன்முதலாக எழுதியது அந்தக் கந்தோர்தான். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதச் சொல்லிப் போய் நிற்க மனம் வரவில்லை அக்கா. மாசியில் சூட்டுக்கு ஐயா திரும்ப வருவார். அப்போது பார்ப்போம்.

தம்பி,
நல்லரத்தினம்

மண்டூர்
9.3.1968

தம்பிக்கு,

நாங்கள் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். நீ களவெட்டியில் என்னோடு பேசாதபடியால் எழுதுகிறேன்.

நானும் புஸ்பமும் வெயிலில் வரம்பில் நின்றதை நீ கண்டாய். போன வருடம் கேட்டதையே ஐயா கேட்டார். அக்காவும் நானும் என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ குனிந்து வைக்கோலை உதறினாய். உதறிய வைக்கோலையே திரும்பவும் உதறினாய். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். எருமைகளை மறித்துவிட்டு எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். அம்மாகூட மிதிக்காத இடம் அது.

என் பெயரை மட்டும் எழுதச் சொல்லவில்லை, இரண்டு பேரும் என்றுதான் சொன்னேன். அப்படியே எழுதினார். நீ அதற்குள் வாடிப் பக்கம் போய்விட்டாய், கேட்டாயோ தெரியாது.

அடுத்த போகம் பொலி குறைந்தால் என் காலைத்தான் சொல்வார்கள். அந்தப் பழியை நான் சுமக்கிறேன். ஆனால் நீ வாய் திறந்திருந்தால் நான் கால் வைத்திருக்க மாட்டேன்.

புஸ்பத்தின் கலியாணம் ஆனியில். தாய்மாமன் இடம் உன்னுடையது, அதில் வேறொருவரை நிறுத்தமாட்டேன். வா என்று இனி எழுதவும் மாட்டேன்.

இலட்சுமிப்பிள்ளை