இடது பாதத்துக்கு ஒரு குறிப்பாணை

2025 மார்ச் 11, செவ்வாய்

இன்று கோட்டூர்க் கடைவீதியிலிருந்து ஒற்றைச் செருப்புடன் வீடு திரும்பினேன். வாசலை அடையும்வரை அதை நான் அறியவில்லை. அறிவித்தவள் என் நாத்தனார் மாயக்காள். அடுத்த வீட்டில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட காட்சிகளுக்காகவே காத்திருப்பவள்.

"என்னா மதினி, ஒத்தச் செருப்போட நடக்குறதா நேர்ந்துக்கிட்டீகளா?"

"கடிச்சது. அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றேன். பொய்தான். ஆயினும் தடுமாறாமல் சொல்லப்பட்ட பொய்.

மார்ச் 12

செருப்பு பூக்கடை முன்பு கிடைத்தது. ஊராருக்கெல்லாம் மனு எழுதித் தருபவள் நான். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் என் எழுத்தால் வந்தவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. நான் தமிழை விடவில்லை. எனவே முறைப்படி எழுதினேன்:

"அனுப்புநர்: சண்முகத்தாய். பெறுநர்: இடது பாதம். பொருள்: முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராமை குறித்து விளக்கம் கோருதல். தாங்கள் சில மாதங்களாகப் பஞ்சின்மேல் நடப்பதுபோல் நடந்து வருவதும், பேருந்துப் படியில் முழங்காலையும் உடன் சேர்த்துக்கொண்டு மடங்கியதும், செருப்பைத் தன்னிச்சையாகக் கைவிட்டதும் கவனத்துக்கு வந்துள்ளன. உடன் பதிலளிக்கவும். நகல்: வலது பாதம், எச்சரிக்கைக்காக."

பதில் இல்லை.

மார்ச் 20

சர்க்கரை மாத்திரை வாங்க சுகாதார நிலையம் சென்றேன். செவிலியர் ஜெஸ்லின் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தைச் சோதித்தாள்.

"தெரியுதாம்மா?"

"தெரிகிறது."

"இங்கன?"

"நன்றாகவே தெரிகிறது."

"நான் இன்னும் தொடவே இல்லைம்மா."

கண்ணைத் திறந்தேன். அந்தப் பெண் சிரிக்காமல் நின்றது என்னை மேலும் அவமதித்தது. ரொம்ப வருடச் சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதாம். வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாதாம். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டுமாம். குனிய முடியாவிட்டால் யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டுமாம். என் உள்ளங்காலை இன்னொருவர் பார்ப்பதா?

சொன்னபடி சர்க்கரைக்காரர் செருப்பு ஒன்று வாங்கியாயிற்று. கறுப்பு நிறம், பட்டை ஒட்டுவது. அணிந்து கண்ணாடியில் பார்த்தேன். ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் புடவை கட்டியதுபோல் இருந்தது.

ஏப்ரல் 2

பீரோவின் மேல் வைத்த கறுப்புச் செருப்பு நலம்.

மே 9, வெள்ளி

வீரபாண்டி மாரியம்மன் கோயில் திருவிழா. "ஆட்டோ சொல்லியிருக்கேன்டி, ஏறு" என்றார் என் இல்லத்தரசர் சுருளிவேல். ஏறியிருப்பேன். ஆனால் மாயக்காள் வாய் திறந்தாள்.

"ஆமாண்ணே, மதினியால எங்கன நடக்க முடியும்? எனக்குச் சுகர் கம்மி, நான் நடந்துருவேன்."

நடந்தேன். வேண்டுதல்காரர்களைப்போல் வெறுங்காலோடு, உச்சி வெயிலில். தார்ச்சாலை இளகிக்கொண்டிருந்தது. இளம்பெண்கள் நிழலுக்கு நிழல் தாவினார்கள். யாராவது சாலையில் தண்ணீர் ஊற்றினால் மாயக்காள் அந்த ஈரத்துக்கு ஓடினாள். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டாலும், நான் சாலையின் நடுவே பட்டத்து யானையைப்போல் சென்றேன்.

"ஒங்களுக்குக் கால் சுடலையாக்கா?" என்று பின்தெருச் சுப்புத்தாய் கேட்டாள்.

"சுடவில்லை" என்றேன். என் வாழ்நாளில் இதைவிட உண்மையான ஒரு சொல்லை நான் சொன்னதில்லை.

"ஆத்தா அருளு" என்று யாரோ சொன்னார்கள். சுப்புத்தாய் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஒருத்தி. பிறகு ஒரு கூட்டம். நான் மறுத்திருக்கலாம். "நலம் உண்டாகுக" என்றேன். மாயக்காளின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காக மதுரைவரைகூட நடப்பேன்.

மே 10

காலை முதல் வீட்டுக்கு ஆள் வருகிறது. நாற்காலியில் அமர்ந்து பாதங்களைச் சற்றே முன்வைத்து அருள்பாலித்தேன். மாயக்காள் வரவில்லை.

மே 11

மெத்தை விரிப்பில் ஈரம். "என்னடி இது, மஞ்சளா இருக்கு" என்றார் இல்லத்தரசர். குனிய முடியவில்லை, கண்ணாடியைப் பிடித்தால் விட்டம்தான் தெரிகிறது. அவருக்கோ கண்ணில் புரை. கடைசியில் அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

மாயக்காள் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் தூக்கி வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மதினி, உள்ளங்கால் பூரா கொப்புளம். ஒடைஞ்சு கெடக்கு. சுண்டுவெரல் கறுத்துருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

வலிக்கலையே. கொஞ்சம் வலிச்சிருந்தாக்கூட நின்னிருப்பேனே. ரெண்டு நாளா இதக் காட்டியா எல்லாரையும் கும்பிட வச்சேன்?

மே 12

தேனியில் மருத்துவர் கட்டுப் போட்டார். ஊசி தொடர்கிறது. விரலைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்ற சொல்லை நான் மனுக்களில் நன்கு அறிவேன். அலுவலர்கள் முடியாது என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

வீடு திரும்பியதும் மாயக்காள் வேறொரு செய்தி சொன்னாள். நாளை திருவிழாக் கடைசி நாள். சுப்புத்தாய் உச்சி வெயிலில் வெறுங்காலோடு போகிறாளாம். அவளுக்கும் சர்க்கரை உண்டு. "சண்முகத்தாய் அக்கா காலுக்கே ஒண்ணும் ஆகலன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா, மதினி."

ஆளனுப்பி வரவழைத்தேன். கட்டைக் காட்டினேன். இது அருள் அல்ல, நரம்பு செத்த கால் என்றேன். அவள் கைகூப்பினாள்.

"ஆத்தா ஒங்களச் சோதிக்கிறாக அக்கா. அதையும் எம்புட்டு அடக்கமாச் சொல்றீக."

அறுபத்தேழு வயதில் முதன்முறையாக என்னை அடக்கமானவள் என்றார்கள். அதுவும் இப்படிப்பட்ட நேரத்தில். மாயக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாதம் உதவாது என்று விளங்கியது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். சுப்புத்தாயைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன்.

"தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"இங்கன?"

"தெரியுது, தெரியுது."

"நான் இன்னும் தொடவே இல்ல, சுப்பு."

அவள் கண்ணைத் திறந்து தன் காலையே பார்த்தாள், வேறு யாருடையதோ போல. பிறகு என் கட்டைப் பார்த்தாள். நாளை ஆட்டோவில் போகிறாளாம். செருப்பைக் கோயில் வாசலில்தான் கழற்றுவாளாம்.

ஜூன் 3

சுண்டுவிரல் இன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. மற்ற நால்வரும் தொடர்கின்றனர்.

ஜூன் 4

அது இருந்த இடம் அரிக்கிறது. இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை, சனியன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கறுப்புச் செருப்பு பீரோவிலிருந்து இறங்கி நாளாயிற்று. மாயக்காளும் அதே போல் ஒன்று வாங்கிக்கொண்டாள். "ஒங்களுக்குத் தொணைக்குத்தான் மதினி, எனக்குச் சுகர் கம்மி." தெருவில் சேர்ந்து போனால் இரண்டு காவலர்கள்.

மாலையில் விளக்கேற்றிய பின் வருவாள். என் பாதம் அவள் மடியில். பிறகு அவள் பாதம் என் மடியில். அவரவர் உள்ளங்கால் அவரவருக்கு எட்டுவதில்லை. முப்பது ஆண்டுகளாக ஒருவர் குற்றத்தை ஒருவர் தேடியவர்கள்; ஆகவே பழகிய வேலைதான்.

இன்று அவள் ஈர்க்கை எடுத்தாள்.

"கண்ண மூடுங்க. தெரியுதா?"

காத்திருந்தேன். "தெரியலடி."

"இங்கன?"

"தெரியல."

"இங்கன?"

குதிகாலின் ஓரத்தில், தூரத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஏதோ ஒன்று. "அங்கன கொஞ்சம்."

"அங்கனதான் தொட்டேன்" என்றாள். குரலில் அத்தனை மகிழ்ச்சி. பிறகு அவள் முறை. ஈர்க்கை நான் எடுத்ததும், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

சற்றுமுன் கதவைச் சாத்தப் போனேன். வாசலில் என் வலது செருப்பும் அவளுடைய இடது செருப்பும் கிடந்தன. என் செருப்பு அவளுடையதைவிட இரண்டு அளவு பெரியது. என் இடது செருப்பை மாட்டிக்கொண்டு, மாறியதே தெரியாமல் வீடுவரை நடந்திருக்கிறாள்.

காலையில் அவள் செருப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கையோடு அவளைச் செவிலியர் ஜெஸ்லினிடம் அழைத்துப் போக வேண்டும். சிரிக்காமல்.